வரப்புக்கு இரு பக்கமும் நெய்தல்

பங்குனி மாதம். விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பின் மேல் நடந்துகொண்டிருக்கிறேன். இடப்பக்கம் பாத்திகள், வலப்பக்கம் கழி. ஏழெட்டுப் பெண்களும் இரண்டு ஆண்களும் அதற்குள் பாத்தியில் இறங்கிவிட்டார்கள். வெயில் ஏறுமுன் வாரி முடித்தாக வேண்டும். நீளக் கம்பில் செருகிய பலகையைத் தண்ணீருக்குள் விட்டு, அடித்தரை கீறாமல், படிந்த உப்பை மட்டும் தம் பக்கம் இழுக்கிறார்கள். பலகை கொஞ்சம் அழுந்தினால் சேறு கிளம்பி உப்பு கறுக்கும்; கொஞ்சம் தளர்ந்தால் உப்பு தரையிலேயே நின்றுவிடும். அந்த அழுத்தத்தை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. கை கற்றுக்கொள்கிறது.

அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி ஒரு நெடுங்கால் உள்ளான் மேய்கிறது. சிவப்புக் குச்சி போன்ற கால்கள். பாத்தியில் நாலு கொத்து கொத்துகிறது, வரப்பில் ஏறுகிறது, மறுபக்கம் இறங்கிக் கழியில் நாலு கொத்து கொத்துகிறது. அதற்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

நம் சட்டத்துக்கு அப்படி இல்லை.

இங்கிருந்து தென்மேற்கே விரிந்து கிடக்கிறது கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுவது அது. எடையந்திட்டுக் கழிமுகம் வழியாக வங்கக் கடலோடு கொண்டும் கொடுத்தும் வாழ்கிறது. 2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-ல் அது ராம்சார் ஈரநிலமாகவும் ஆனது. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஈரநிலங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. அதில் மனிதர் உண்டாக்கிய ஈரநிலங்கள் என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் உப்பளமும் ஒன்று. ஆனால் நம் நாட்டு ஈரநில விதிகள், 2017-ல் வந்தவை, ஈரநிலம் எது என்று சொல்லும் இடத்திலேயே எது ஈரநிலம் ஆகாது என்றும் சொல்லிவிடுகின்றன. நெல்வயல் ஆகாது. உப்பு விளைவிக்கவென்று கட்டிய அமைப்பும் ஆகாது.

உலக ஒப்பந்தம் உள்ளே சேர்த்ததை உள்நாட்டு விதி வெளியே நிறுத்துகிறது. பறவை ஏறி இறங்குகிற வரப்பு, காகிதத்தில் மதிலாகிவிட்டது. அந்த மதில் ஏன் வந்தது, நம்முடைய பழைய சிந்தனைகளில் அதற்கு இடம் உண்டா என்று தேடிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே வரிசையில்

இந்தியத் தத்துவத்தில் சுற்றுச்சூழல் அறம் என்று பேச்செடுத்தால் நம்மில் பலர் இமயமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குப் போய்விடுகிறோம். காடு, முனிவர், மான்குட்டி. அந்தப் படத்தில் சேற்றில் நின்று வேலை செய்கிறவர் யாரும் இல்லை. மரக்காணத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினால் படம் வேறாகிறது.

தொல்காப்பியம் நிலத்தைத் திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கருப்பொருள் சொல்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகிறது அந்த வரிசை. பள்ளிக்கூடத்தில் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. நான் அதற்குமேல் யோசித்ததில்லை. உப்பளத்து வரப்பில் நின்றபோதுதான் அந்த வரிசையின் துணிச்சல் புரிந்தது. மனிதர் செய்யும் தொழிலை அது தனியாகத் தூக்கி மேலே வைக்கவில்லை. மரத்துக்கும் பறவைக்கும் பறைக்கும் பக்கத்தில், அவற்றில் ஒன்றாக வைத்திருக்கிறது. நெய்தலுக்கு வருணன் தெய்வம் என்றால், புன்னை மரம் என்றால், கடற்காகம் பறவை என்றால், உப்பு விளைவித்தலும் மீன் பிடித்தலும் அதே நெய்தலின் கரு. அந்த நிலம் பெற்ற பிள்ளைகளில் ஒன்று அந்த உழைப்பு.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. நிலத்துக்குப் பொருந்தாத தொழிலை அங்கே கொண்டுவந்து நட்டால் திணை கெடும். பொருந்திய தொழிலை அங்கிருந்து பிடுங்கினாலும் திணை கெடும். முதலாவதை நாம் அடிக்கடி பேசுகிறோம். இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

சங்க நூல்களில் மரக்காணம் இருக்கிறது என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும்போது, இன்றைய மரக்காணம் என்று அவர்கள் கருதும் எயிற்பட்டினத்தைக் காட்டுகிறது. கிரேக்கக் கடலோடி எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். தாழை அன்னம்போலப் பூத்திருக்க, செருந்தி பொன்னாக மயக்க, கழிமுள்ளி நீலமணியாய் மின்ன, புன்னை முத்தாய் அரும்ப, அந்தக் கடற்கரை வழியாகப் பாணன் நடக்கிறான்.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் இதே பாட்டில் கடையெழு வள்ளல்கள் வரிசையில் வருகிறார்கள். தமிழரின் இயற்கை நேசம் பற்றிய மேடைப் பேச்சுகள் எல்லாம் இந்த இருவரையும் தொட்டுத்தான் முடியும். எனக்கு அதே பாட்டில் வேறொரு காட்சி பிடிக்கும். உப்பு ஏற்றிப்போகும் உமணர் வண்டிக் கூட்டத்தோடு ஒரு பெண் குரங்கும் பயணம் செய்கிறது. பெற்ற பிள்ளையைப் போல வளர்ந்த குரங்கு. சிப்பிக்குள் முத்துகளைப் போட்டு மூடிக் கிலுகிலுப்பையாக்கி, உமணப் பெண்களின் குழந்தைகளோடு அது விளையாடுகிறது. பாரி அரசன், அவனிடம் இன்னொரு தேர் இருந்திருக்கும். உமணரிடம் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள ஒரு சேம அச்சு மட்டுமே உபரி. அந்த வண்டியில் ஒரு குரங்குக்கும் இடம் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய அறமாகப் படுகிறது.

நெய்தல் பாட்டுகளில் இப்படி நிறைய உண்டு. நற்றிணையின் 172-ஆம் பாட்டில், தாங்கள் விதை புதைத்து விளையாடி, பாலூற்றி வளர்த்த புன்னை மரத்தைத் தாய் தங்களுக்குத் தங்கை என்று சொன்னதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூசுகிறாள் ஒரு பெண். புன்னை கடற்கரை மரம். தொல்காப்பிய மரபியலோ உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலானவை ஈரறிவு, எறும்பும் சிதலும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. கழியோரம் குனிந்து பார்த்தால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரு சாண் சேற்றில் இருக்கின்றன. ஆறாவது அறிவு உள்ளவர் பலகை பிடித்து நிற்கிறார்.

உத்தாலகர் சொல்லாமல் விட்டது

உப்பை வைத்து இந்தியத் தத்துவம் சொன்ன மிகப் பெரிய பாடம் சாந்தோக்ய உபநிடதத்தில் இருக்கிறது. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம் இரவில் கொஞ்சம் உப்பைத் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்கிறார். காலையில், போட்ட உப்பை எடுத்துக்கொண்டு வா என்கிறார். மகன் தேடுகிறான், கிடைக்கவில்லை. மேலிருந்து பருகிப் பார் என்கிறார். உப்பு. நடுவில்? உப்பு. அடியில்? உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் அது எங்கும் இருப்பதுபோல், மெய்ப்பொருள் எங்கும் இருக்கிறது. நீயும் அதுவே என்று முடிக்கிறார். பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொல்வதிலும் நீரில் கரையும் உப்புக்கட்டி வருகிறது. கரைந்தபின் அதைத் தனியே பிரித்து எடுக்க முடியாது என்கிறார் அவர்.

மரக்காணத்தில் தினமும் நடப்பது பிரித்து எடுக்கும் வேலை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதி சுண்ணாம்பு, ஜிப்சம், மக்னீசியம், பொட்டாசியம் என்று பல. தண்ணீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும். நீர் பத்தில் ஒரு பங்காக வற்றி, அடர்த்தி 25 டிகிரியைத் தொடும்போதுதான் சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்கும். அப்படியே முழுக்க வற்றவிடக் கூடாது. ஏறக்குறைய 29, 30 டிகிரிக்கு வரும்போது மீந்திருக்கும் நீரை வடித்துவிட வேண்டும். மக்னீசியம் மிகுந்த அந்த நீர் கசக்கும். அதையும் வற்றவிட்டால் உப்பும் கசந்துபோகும். 25-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் உப்பளத்தின் வாழ்வு. தண்ணீரின் நிறத்தையும், விரலில் தொட்டால் வரும் பிசுபிசுப்பையும் வைத்தே அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளும் பழைய கைகள் இன்னும் உண்டு.

எல்லாவற்றிலும் ஒன்றே கரைந்திருக்கிறது என்பது உத்தாலகரின் பாடம். எதை, எவ்வளவு எடுக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அடுத்த பாடம். சூழல் அறத்துக்கு இரண்டும் வேண்டும். நாம் முதலாவதை மட்டுமே சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம்.

எல்லாம் ஒன்று என்ற கொள்கை தானாகவே நல்ல நடத்தையைத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எல்லாம் பிரம்மம் என்றால் பூநாரையும் பிரம்மம், ஏரியில் கலக்கும் சாக்கடையும் பிரம்மம். எதைக் காப்பது, எதைத் தடுப்பது? அத்வைதம் காணும் உலகை மாயை என்று கடந்துபோகச் சொல்வதால் இயற்கையின் மேல் அக்கறைக்கு அது உதவாது என்று லான்ஸ் நெல்சன் என்ற சமய ஆய்வாளர் 1998-ல் வெளியான கட்டுரையில் வாதாடினார். அத்வைதிகள் ஒப்பமாட்டார்கள். எல்லா உயிரிலும் தன்னைக் காண்பவன் எதற்கும் தீங்கு செய்ய முடியாது என்பது அவர்கள் பதில். அந்தப் பதிலிலும் உண்மை உண்டு, ஆனால் அது ஞானி ஒருவருக்குப் பொருந்தும். ஊருக்கு ஒரு விதி வேண்டும்போது போதாது.

இதே தொண்டை மண்டலத்தில், திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர் சொன்னது எனக்கு இன்னும் கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கிறது. உயிருள்ளதும் உயிரற்றதும் இறைவனின் உடல், உலகம் மெய். மண்ணும் நீரும் உப்பும் அந்த உடலில் சேர்த்தி. ஓர் உடலைக் காயப்படுத்தக் கூடாது என்பதற்கு நீண்ட தத்துவம் தேவையில்லை. கடலூர்ப் பக்கம் வடலூரில் 1867-ல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், வாடிய பயிரைக் கண்டு தானும் வாடியதாகப் பாடியதும் இந்த உறவின் இன்னொரு முகம். மரக்காணமும் வடலூரும் நெடுங்காலம் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை.

இதே மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் சமணம் நிற்கிறது. செஞ்சியருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கேதான் உள்ளது. மேல்சித்தாமூர் மடம் தமிழ்ச் சமணர்களின் தலைமை இடம். சமணம் இந்த உப்பளத்தைப் பார்த்தால் என்ன சொல்லும்? அதன் கணக்கில் மண்ணே உயிர், நீரே உயிர், உப்பும் மண்ணுடல் கொண்ட ஓரறிவுயிர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் புகழ்பெற்ற வாசகத்தின் பொருள். சமண நூல்கள் இல்லறத்தார் செய்யக் கூடாதென விலக்கிய பதினைந்து தொழில்களில் ஏரி குளங்களை வற்றச் செய்து பிழைப்பதும் ஒன்று. அந்த அளவுகோலைக் கறாராகப் பிடித்தால் உப்பளமும் கேள்விக்குத் தப்பாது. நீரை வற்றவைத்துத்தானே உப்பு எடுக்கிறோம்?

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: உப்பளம் கடலை வற்றச் செய்யவில்லை. ஆவியான நீர் மேகத்துக்குப் போகிறது. மேகம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடலும் தன் இயல்பில் குன்றும் என்று வான்சிறப்பில் வள்ளுவர் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான். மழைக்காலத்தில் அதே பாத்தி மறுபடி நீர்நிலையாகிவிடுகிறது. ஏரியை மூடி மனை போட்டால் அது திரும்பாது. திரும்பக்கூடியதைச் செய்வதும் திரும்ப முடியாததைச் செய்வதும் ஒரே குற்றம் ஆகாது. அதே சமணம் இல்லறத்தாருக்கு வைத்த நோன்பு, பொருளுக்கு எல்லை கட்டிக்கொள்வது. வள்ளுவரும் ஊடலைப் பற்றிச் சொல்லும்போது உப்பைத்தான் உவமையாக எடுக்கிறார்: அளவோடு இருந்தால் சுவை, சற்றே நீண்டால் கெடும். காமத்துப்பாலில் வந்தாலும், உப்பளத்தில் நின்று படிக்கும்போது அது 30 டிகிரிக் கணக்காகவே எனக்குக் கேட்கிறது.

1996 டிசம்பர் 11

உப்பு அறத்தின் விஷயமாகவும் அரசின் விஷயமாகவும் எப்போதும் இருந்திருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உப்புக்கென்றே ஓர் அதிகாரியை வைத்து வரி வாங்குகிறது. அதே நூல், வேதம் ஓதுவோரும் தவசிகளும் கூலியில்லா வேலை செய்வோரும் தங்கள் உணவுக்கான உப்பை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பிழியத் தயங்காத அந்த அரசியல் நூலுக்கே அந்த அளவு இரக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் சட்டத்தில் அதுவும் இல்லை. 1930 ஏப்ரல் 6-ல் காந்தி தண்டியில் உப்பள்ளினார். ராஜாஜி ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து கிளம்பி, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பள்ளினார். கடலும் சூரியனும் ஊருக்குப் பொது என்பதுதான் அந்த ஒரு பிடி உப்பின் வாதம்.

அந்த வாதத்தைப் பொருளாதாரமாக எழுதியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. சிறையில் எழுதி 1945-ல் வெளிவந்த அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல், இயற்கையிலிருந்து எடுப்பதைக் கொள்ளையாகவும் செய்யலாம், தொண்டாகவும் செய்யலாம் என்று பிரித்துக் காட்டியது. ஆழ்சூழலியல் என்ற சொல்லை 1973-ல் உலகுக்குத் தந்த நார்வேயின் ஆர்னே நெஸ்ஸும் காந்தியிடம் கற்றவர்தான். நாம் குமரப்பாவை மறந்துவிட்டு நெஸ்ஸைத் தேடிப் படிக்கிறோம்.

குமரப்பா மறைந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து அந்த வழியில் இன்னொருவர் உச்ச நீதிமன்றம் போனார். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். தொண்ணூறுகளில் தமிழகக் கடற்கரை முழுவதும் இறால் பண்ணைகள் புகுந்து, குடிநீரும் விளைநிலமும் உவர்ப்பானபோது, கீழத்தஞ்சைக் கிராமங்களின் பக்கம் நின்று அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் போராடினார்கள். 1996 டிசம்பர் 11-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், வனம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது.

அந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் அலையாத்திக் காடு, அதற்குப் பக்கத்தில் ஈரநிலம், அதே மூச்சில் ஊர்ப் பொதுநிலம். நீதிபதி தொல்காப்பியத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் அது கருப்பொருள் வரிசைதான்.

பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து இறால் பண்ணைகளுக்குச் சட்டப் பாதை போட்டது. 2017 விதிகள் உப்பளத்தை ஈரநிலப் பட்டியலுக்கு வெளியே விட்டன. பெயர் போனால் காவலும் போய்விடும். மும்பையில் என்ன நடந்தது என்று பாருங்கள்: முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பள நிலத்தில் 255.9 ஏக்கரைத் தாராவி மறுகுடியமர்த்தலுக்கு எடுக்க 2024-ல் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. உப்பளத்தை வெறும் நிலம் என்று பார்க்கத் தொடங்கிய கண்ணுக்கு அடுத்துத் தெரிவது மனைதான்.

இன்னொரு பக்கமும் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ராமச்சந்திர குஹா 1989-ல் எழுதிய கட்டுரை ஒன்று உலகச் சூழலியலாளர்களை உலுக்கியது. மனிதர் இல்லாத தூய இயற்கை என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவில் கொண்டுவந்து வைத்தால், வெளியேற்றப்படுவது ஏழைகளாகவே இருக்கும் என்றார். சரணாலயம் வந்த மகிழ்ச்சியில் கழியில் மீன் பிடிப்பவரும் பாத்தியில் உப்பு வாருபவரும் பறவைக்கு எதிரிகளாகச் சித்திரிக்கப்பட்டால், ஜெகந்நாதன் சேர்த்துவைத்த பட்டியலை நாமே கிழித்தவர்கள் ஆவோம்.

உப்பு விற்கப் போனால்

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்று ஒரு பழமொழி உண்டு. அது பழமொழி மட்டும் இல்லை, மரக்காணத்தின் நாட்குறிப்பு. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டு நகராமல் நின்று கொட்டியது. இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. அப்படி ஒரு மழைக்குப் பிறகு பாத்திகளை மறுபடி உண்டாக்க வேண்டும். வரப்பு கட்டி, சேறு அகற்றி, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கல்போல இறுக்க வேண்டும். அது பாதங்களின் வேலை. உப்பளக்காரர்களின் பாதங்களில் இருக்கும் வெடிப்பு எந்தக் களிம்புக்கும் மூடுவதில்லை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைத் தின்கிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. வரவேற்க வேண்டிய தொடக்கம். மூன்று மாதப் பசிக்கு அது போதாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. அதே 2022-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தன் உப்புக்கு நெய்தல் என்று பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அழகான பெயர். பொட்டலத்தில் இருக்கும் அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் அரசு ஏற்றுக்கொண்டால் எவ்வளவோ மாறும்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் இதுவரை எழுதிய தத்துவம் எல்லாம் வெறும் பேச்சாகிவிடும். எல்லாவற்றிலும் ஒன்றே கரைந்திருக்கிறது என்று சொன்ன நாட்டில்தான் ஒரே குளத்தில் எல்லோரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927-ல் மகாடு குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்ற சூழல் அறத்தை உபநிடத விளக்கங்களைவிட அந்த ஒரு கை நீர் தெளிவாகச் சொன்னது. உப்பளத்தில் பலகை பிடிப்பவர்களில் நிலம் சொந்தமாக உள்ளவர்கள் அரிது. பறவையைக் காக்க எழுதும் திட்டத்தில் அவர்களுடைய கண்ணுக்கும் காலுக்கும் கூலிக்கும் இடமில்லை என்றால், அந்தத் திட்டம் அரைத் திணையைத்தான் காக்கிறது.

எனக்குத் தோன்றுவதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஈரநிலத்தின் விளக்கத்திலிருந்து உப்பளத்தை விலக்கும் அந்த வரி திருத்தப்பட வேண்டும். கழுவேலிக்கு எழுதப்படும் மேலாண்மைத் திட்டம் மரக்காணத்துப் பாத்திகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பாத்தியில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்குகிறது, எங்கே முட்டையிடுகிறது, எந்த ஆண்டு வரவு குறைந்தது என்பதை அங்கே வேலை செய்கிறவர்களைவிட அறிந்தவர் கிடையாது. வேலையற்ற மழை மாதங்களில் அவர்களையே கணக்கெடுப்புக்கும் காவலுக்கும் கூலி கொடுத்து அமர்த்தலாம்.

ஏனென்றால் அந்த மாதங்கள்தான் பறவைகளின் மாதங்கள். மத்திய ஆசிய வான்வழியில் சைபீரியப் பக்கமிருந்து புறப்பட்டவை இந்தக் கடற்கரையில் இறங்கும் காலமும், பாத்தியில் மழைநீர் நிறைந்து ஆட்கள் வீட்டுக்குப் போகும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. மனிதர் விட்டுப்போன தண்ணீரில் அவை இறங்குகின்றன. தை பிறந்து, மாசியில் மனிதர் மறுபடி இறங்கும்போது, வந்தவற்றில் பல கிளம்ப ஆயத்தமாகின்றன. அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதுபோல் இந்தக் கைமாற்றம் ஆண்டுதோறும் நடக்கிறது.

ஒன்பது மணிக்கு வாரி முடிந்தது. வரப்போரம் உப்பு குவிந்து ஈரம் வடிந்துகொண்டிருக்கிறது. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கழிக்கு இறங்கிக் கைகால் கழுவுகிறார்கள். நான் நின்ற இடத்துக்குக் கீழே, காலியான பாத்தியின் ஈரத் தரையில் பலகை இழுத்த நீளக் கோடுகள் இருந்தன. அவற்றின் குறுக்கே மூன்று விரல் காலடிகள் வரப்பு வரை போயிருந்தன. ஒருவர் வந்து மடையின் மண்ணைக் காலால் தள்ளினார். அடுத்த பாத்தித் தண்ணீர் மெல்ல ஏறி வந்து இரண்டையும் மூடியது.